ஓடத்தில் அப்பாவின் கால்கள்

கிரேக்க நாட்டில், பெரிய கப்பல்கள் நிற்காத சின்னத் தீவுகளுக்குக் கம்பெனி வேலையாகப் படகில் போய்க்கொண்டிருந்தேன். படகு ஆடியதும் எதிரில் இருந்த கிழவர் பயத்தில் கால்களை மாற்றி மாற்றி அழுத்தினார். எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. தறியில் இருந்த சேலையைச் சாக்குச் சொல்லி, அம்மாவை அவள் தம்பி கல்யாணத்துக்கு முன்கூட்டியே போக அப்பா விடவில்லை. அந்தக் கோபத்தில் பாலாற்றுக்கு அக்கரையிலிருந்த தாய்வீட்டுக்குப் போன அம்மா, ஒரு மாதமாகியும் திரும்பவில்லை. ஆற்றிலோ வெள்ளம். தண்ணீரென்றாலே நடுங்கும் அப்பா, என்னையும் கூட்டிக்கொண்டு செவிலிமேட்டில் ஓடமேறினார். ஏறியதும் அவர் கால்கள் தறி மிதிப்பதுபோல் தாமாகவே மிதித்தன. அக்கரை வரை ஓடம் ஆடிக்கொண்டே போனது.

கரையில் துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடக்காரன் கத்தினான்: "யம்மா, உன் வூட்டுக்காரரு வழியெல்லாம் சேல நெய்ஞ்சிக்கினே வந்தாரு. வந்து வாங்கிக்க!"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இவ்ளோ பயத்த வெச்சிக்கினு எதுக்கு வரணுமாம்?"

"வெள்ளம் வடியட்டும்னுதான் பாத்தேன். முடியல," என்றார் அப்பா.

அம்மா வீட்டுக்குப் போய்த் தன் துணிமூட்டையை எடுத்து வந்தாள்.

திரும்பும்போது அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, தன் பாதங்களை அவர் பாதங்களின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். ஓடம் ஆடவில்லை. கரையேறியதும், புருஷனைக் காலால் தொட்ட பாவத்துக்கு, அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தீவில் இறங்கியதும் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது; வேறு யாராவதுதான் அதை உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். அதனால் ஓடத்தை விட்டுவிட்டுக் கடலைப் பற்றி மட்டுமே எழுதினேன்.