ரேடார் நிலையத்தில் ஏற்றிய சூடம்

பாவாடை மாமா தை மாதம் இறந்துபோனார். என் அம்மாவின் அண்ணன். கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரி வியாபாரம் செய்தவர். எதையும் எளிதில் நம்பமாட்டார். ஒரு டாக்டர் காய்ச்சல் என்று சொல்லிவிட்டால், அடுத்த டாக்டரிடம் போய், "எனக்குக் காய்ச்சல் இல்லன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார்.

அவர் கொஞ்சமும் நம்பாதது என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் யுத்த சேவையை. உலக யுத்தத்தின்போது கடற்கரையில் இருந்த ரேடார் நிலையத்தில் தாத்தா வேலை பார்த்ததாக அப்பா சொல்வார். தாத்தா சொல்லிக் கேட்டதுதான். வேறு சாட்சி கிடையாது.

"ஏன் மாப்ள, விக்கிரமங்கலத்துல தொலைஞ்ச மாட்டையே உங்கப்பாவால கண்டுபுடிக்க முடியல. ஜப்பான்காரன் பிளேனையா கண்டுபுடிச்சாரு?" என்று மாமா பந்தியில் நாலு பேர் கேட்கக் கேட்பார். அப்பாவுக்குச் சோறு இறங்காது.

போன வைகாசியில் கடலோர ஊர் ஒன்றில் உறவுக்காரர் கல்யாணம். திரும்பும் வழியில் அப்பா வேனை அந்த ரேடார் நிலையத்துக்கு விடச் சொன்னார். மணலில் பாதி புதைந்த இரண்டு கான்கிரீட் அறைகள், துருப்பிடித்த போல்ட்டுகள், எங்கும் ஆட்டுப் புழுக்கை.

"இப்பப் பாத்துக்கங்க மச்சான்!"

"கட்டடம் இருக்கு மாப்ள. உங்கப்பா இருந்ததுக்கு என்ன அத்தாட்சி? சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, நம்புறேன்."

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னது பொய்யானால், சொன்னவர் குடும்பம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பாவுக்கு ரோஷம். கோயிலுக்கென்று அம்மா வைத்திருந்த சூடத்தை வாங்கி ஏற்றினார். கடற்காற்றில் உடனே அணைந்தது. மறுபடி ஏற்றினார், அணைந்தது.

"உங்கப்பாவே வேணாங்கறாரு மாப்ள!"

அப்பா விறுவிறுவென்று ஜன்னலே இல்லாத பின்னறைக்குள் போனார். நாங்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனோம். அங்கே சுடர் ஆடாமல் நின்று எரிந்தது.

அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை கீழே இறங்கவில்லை.

"அண்ணே..." என்றாள் அம்மா. தாலிக்கயிற்றை இறுகப் பிடித்திருந்தாள்.

மாமா சட்டென்று குனிந்து பூவென்று ஊதினார். சூடம் அணைந்தது.

"இங்கயும் என்னா காத்துங்கற! வாங்க மாப்ள, பசிக்குது."

வேனில் ஏறும்போது டிரைவர், "என்ன எடம்ணே இது?" என்று கேட்டார்.

"மாப்ளயோட அப்பா வேல பாத்த எடம்பா" என்றார் மாமா. "செருப்பக் கழட்டிட்டு ஒரு கும்புடு போட்டுட்டு வண்டிய எடு."