மூக்கைப் பிடித்த கை

மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர், "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு 'ஆ' பாடுங்க. சத்தம் மாறுனா காத்து மூக்கு வழியாப் போகுதுன்னு அர்த்தம்" என்றார். என் விரல்கள் கூசின.

சிறுவயதில் எங்கள் பாட்டு வாத்தியாரும் வலை காயும் கோயில் முற்றத்தில் இப்படித்தான் சோதிப்பார். மேல்வாயில் பிளவோடு பிறந்த செல்விக்கு எல்லா எழுத்தும் மூக்கில்தான் வரும். ஆனாலும் திருவிழாப் பாட்டின் முதல் வரியைப் பாட ஆசைப்பட்டு வந்து நின்றாள். எனக்கும் அந்த வரி வேண்டியிருந்தது.

"ஏம்புள்ள, அவ மூக்கைப் பிடி" என்றார் வாத்தியார் என்னிடம்.

கருவாடு கிளறிய கையால் நகம் பதிய இறுக்கினேன். அவளுடைய 'ஆ' பாதியில் நின்று கண்ணீர் வந்தது.

"சார், மூக்குச் சங்கு அடைச்சுக்கிச்சு!" என்றேன். வாத்தியாரும் சிரித்தார்.

மாதாவிடம் கேட்ட மன்னிப்பை அவளிடம் கேட்டதில்லை. பூசையில் முதல் வரியை இன்றும் நான்தான் எடுத்துக்கொடுக்கிறேன். முன் பெஞ்சில் செல்வியின் உதடு மட்டும் அசைகிறது.