சாவியைத் திருப்பி மாட்டியவன்

பாதாளத்தின் நான்காவது தளத்தில் நான் பதினோரு நாளாகச் சிக்கியிருந்தேன். ஜோகூர் பாருவை அடுத்த மாசாயில், எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வழக்கம்போல் பறந்துகொண்டிருந்தன. என் மனைவி சந்தைக்கும் கோயிலுக்கும் தடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தாள். நான் மட்டும் காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, ஈரம் சொட்டும் அதே கல் அறைக்குள் போய், அதே சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு எரிச்சலோடு எழுந்து வருவேன்.

என்னை அங்கே இறக்கிவிட்டவள் என் மகள். சிங்கப்பூரில் கணினி விளையாட்டுகள் உருவாக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவளுக்கு வேலை. ஆறு பேர்தான் அங்கே. வாரநாளில் எல்லையோர ஜோகூர் பாருவில் தோழிகளோடு தங்கி, தினமும் எல்லையைக் கடந்து போய்வருகிறாள். சனி ஞாயிறு எங்களோடு. அந்தப் பாதாளத்தை வரைந்தவள் அவளே. ஆறு தளங்கள். எங்கே தொடங்க வேண்டும், எதற்கடுத்து எது என்ற ஒழுங்கே கிடையாது. வரைபடம் கிடையாது. யாரும் வழி சொல்ல மாட்டார்கள். கையில் ஒரு விளக்கு, அதில் அரைகுறை எண்ணெய். அவ்வளவுதான்.

"எங்க வேணும்னாலும் போலாம்பா. அதுதான் இதோட அழகே," என்றாள்.

நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் நில அலுவலகத்தில் இருந்தவன். கடைசிப் பத்தாண்டுகள் தலைமை குமாஸ்தா. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று பொதுமக்களிடம் சொன்ன முகப்பு ஒன்றை என் வாழ்நாளில் கண்டதில்லை. முதலில் எண் எடுக்க வேண்டும், பிறகு படிவம், பிறகு அந்தப் படிவம் பழையது என்று தெரிந்துகொண்டு புதிய படிவம். எரிச்சலூட்டும் முறைதான். ஆனால் அதில் யாரும் பதினோரு நாள் இருட்டறையில் கிடந்ததில்லை.

அவளுடைய முதலாளிக்கும் இதே சந்தேகம் வந்திருக்கிறது. விளையாடுபவர்கள் வழி தவறிச் சலித்துப் போவார்கள், அதனால் தரையெங்கும் ஒளிரும் அம்புக்குறிகளைப் போட்டுவிடலாம் என்கிறார். அம்பு போட்டால் அது பாதாளம் இல்லை, பேரங்காடியின் கார் நிறுத்துமிடம் என்பது இவள் கட்சி. இரண்டு ஆண்டு உழைப்பு அவளுடையது. வாதம் முற்றி, கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கணினி விளையாட்டையே தொட்டிராத ஒருவர் உதவியில்லாமல் விளையாட வேண்டும். என்ன நடந்தது என்று அவர் கைப்பட அறிக்கை எழுதித் தர வேண்டும். அவர் சிக்கிக்கொண்டால் அம்பு வரும். வெளியே வந்துவிட்டால் வராது.

"ஏம்மா, ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்று கேட்டேன்.

"உங்க மாதிரி ஒரு ஆளே வெளிய வந்துட்டா, யாரு வேணும்னாலும் வந்துடலாம்லா."

"அம்மாவ கேட்டுப் பாரேன்."

"அம்மா பாதியில எழுந்து சமைக்கப் போயிடுவாங்க. நீங்கதான் எடுத்தத முடிக்காம விடமாட்டீங்க."

அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "யாரு, உங்கப்பாவா? பின்னாடி பைப்பு மூனு மாசமா ஒழுகுது. அத யாரு முடிக்கிறது?"

இப்படித்தான் நான் அந்த வேலைக்கு நியமிக்கப்பட்டேன்.

விளையாட்டின் தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பார்ப்பதற்கு அழகு என்று ஒன்றுமில்லை. ஒவ்வொரு மூலையிலும் ஓர் எலும்புக்கூடு வாளோடு நிற்கிறது. ஏன் நிற்கிறது, யாருக்குக் காவல், சம்பளம் உண்டா, எதுவும் தெரியாது. செத்தால் கடைசியாக எந்த அடுப்பில் தீ மூட்டினோமோ அங்கே எழுந்திருப்போம். நாம் செய்தவை எல்லாம் செய்தபடியே இருக்கும்: திறந்த கதவு திறந்தே இருக்கும், மூடியது மூடியே இருக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்பிப் போக வழியே வைக்கவில்லை. வாழ்க்கையைப் போல, என்று மகள் ஏதோ சொன்னாள். வாழ்க்கையில் மேல்முறையீடு உண்டு என்று நான் சொன்னேன்.

நானோ ஒரு கோப்பைத் திறந்தேன். கட்டம் போட்ட தாளில் அடிக்கோல் வைத்து வரைபடம் வரைந்தேன். காலடிகளை எண்ணி ஒவ்வோர் அறையையும் அளந்து, நிலத்துண்டுகளுக்குப் போடுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் லாட் எண் கொடுத்தேன். முதல் தளத்தை முழுவதும் முடித்த பிறகே இரண்டாவது. வழியில் கீழ்த்தளங்களுக்கு இறங்கும் வாசல்கள் கண்ணில் பட்டன. எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஒரு கோப்பை முடிக்காமல் இன்னொன்றைத் திறப்பவர்களால்தான் நாட்டில் பாதிக் கோளாறு. வழி தவறாமலா இருந்தேன்? ஒன்பது முறை தவறினேன். இரண்டாவது தளத்தில் ஒரே மாதிரி இருந்த நான்கு தூண் மண்டபங்களுக்குள் இரண்டு காலைகள் சுற்றினேன். திட்டிக்கொண்டேதான் சுற்றினேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வழியைக் கண்டுபிடித்தேன், ஒவ்வொன்றையும் குறித்தும் வைத்தேன்.

மூன்றாவது தளத்தில், இருபத்தேழாம் எண் லாட்டில், காலடியில் மக்கிய பலகை உடைந்தது. நான்காவது தளத்தில் போய் விழுந்தேன். அங்கே ஓர் அடுப்பு இருந்தது. அடுப்பைக் கண்டால் பற்றவைக்க வேண்டும் என்பது அதற்குள் பழகிவிட்டதால் பற்றவைத்தேன். இனிச் செத்தாலும் இங்கேதான் எழுந்திருப்பேன் என்பது பிறகுதான் உறைத்தது. சுற்றிப் பார்த்தேன். மேலே ஏற மூன்று வழிகள். படிக்கட்டின் உச்சியில் இரும்புக் கதவு, அது பூட்டியிருந்தது. பள்ளத்துக்கு அப்பால் தூக்குப்பாலம்; அது மறுகரையில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கிணறு போன்ற ஒரு குழாய். அதற்கான நூலேணி மேலே சுருட்டிக் கிடந்தது.

பதினோரு நாள். எலும்புக்கூட்டிடம் வேண்டுமென்றே நாலைந்து முறை வெட்டுப்பட்டுப் பார்த்தேன். அதே அடுப்பருகே எழுந்தேன். மகளுக்குப் போன் செய்தால், "நான் எதுவும் சொல்லக்கூடாதுப்பா, ஒப்பந்தம் அப்படி," என்று வைத்துவிடுவாள். ஒப்பந்தம் என்ற சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் வந்தாள். திங்களன்று முதலாளிக்கு அறிக்கை போக வேண்டும். ஆடுபவரின் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக்கூடாது, சுட்டிக்காட்டக்கூடாது, பெருமூச்சுகூட விடக்கூடாதாம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்றாவதில் அவளால் அடக்க முடியவில்லை.

"அலமாக்! ஏன் மூனுமே மூடியிருக்கு?"

"நீயே கேக்குற பாரு. நான் பதினோரு நாளா கேக்குறேன்."

"இரும்புக் கதவு சாவி உங்ககிட்டதானே இருக்கணும்? ரெண்டாவது தளத்துல, காவல் அறையில, வெண்கலச் சாவி. எடுத்தீங்களா இல்லையா?"

"எடுத்தேன். கதவத் தொறந்து பாத்தேன். கீழ படி போச்சு. மூனாவது தளம் இன்னும் முடியல, அதனால திரும்பப் பூட்டிட்டேன். சாவிய கொண்டுபோயி அது தொங்கிக்கிட்டிருந்த ஆணியிலயே மாட்டிட்டேன்."

அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"ஏன்?"

"ஆணி இருந்துச்சு."

"அப்பா, கேம்ல யாருப்பா சாவிய திருப்பி மாட்டுவாங்க?"

"அது என் சாவி இல்லையே."

இதில் அவள் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் பட்டாக்கள் இருந்த காப்பறைக்கு ஒரே சாவி. திறந்தவர் பூட்டி, சாவியை அதன் கொக்கியில் மாட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். ஒருமுறை ஓர் அதிகாரி அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெர்சிங்குக்குப் போய், அங்கிருந்து படகேறித் தீவுக்கும் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை இரண்டு நாள் பொதுமக்களிடம் நான் சொன்ன சமாதானங்கள் எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு, கொக்கியைப் பார்த்தால் என் கை தானாகப் போகும். பாதாளமானாலும் அப்படித்தான்.

மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "சரி, பாலம்?"

"தாண்டிப் போயி பாத்துட்டு வந்தேன். வந்ததும் பழையபடி தூக்கி வச்சிட்டேன்."

"நூலேணி?"

"கீழ எவ்ளோ ஆழம்னு பாக்க எறக்குனேன். பாத்துட்டு சுருட்டி வச்சேன். தொங்கிக்கிட்டே இருந்தா யாராவது..."

"யாராவது யாருப்பா? அங்க எலும்புக்கூட்ட தவிர யாருமே இல்ல!"

என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "வீட்ல குளிச்சிட்டு வந்தா துண்டு கட்டில் மேல கெடக்கும். அங்க போயி ஏணி சுருட்டி வச்சாராம். கேட்டுக்க."

மகள் தலையைக் கையில் பிடித்துக்கொண்டாள். "யாரு விழுந்தாலும் வெளிய வரணும்னுதான் மூனு வழி வச்சேன். ஒன்னையாவது தொறந்து போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். ஆபீஸ்லயும் வெளியிலயுமா எட்டு பேரு வெளையாடிப் பாத்தாங்க. ஒருத்தர்கூட எதையும் திருப்பி வைக்கல."

அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். இது வேடிக்கை இல்லை. திங்களன்று நான் சிக்கிக்கொண்டதாக எழுதிக் கொடுத்தால், தரை முழுவதும் அம்பு வரும். அவளுடைய இரண்டு ஆண்டுகள் கார் நிறுத்துமிடமாகிவிடும். அதற்குக் காரணம், அவள் அப்பா ஓர் ஆணியைப் பார்த்ததுதான்.

"இப்படிச் செய்யலாம்," என்றேன். "ஒடம்புக்கு முடியல, பாதியிலயே விட்டுட்டேன்னு எழுதுறேன். சிக்குனதா எழுத வேணாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "முப்பது வருஷத்துல ஒரு பொய் ரிப்போர்ட் எழுதுனதில்லன்னு எத்தன தடவ சொல்லியிருக்கீங்க?"

"அது கவர்மெண்டு வேல."

"இது என் வேல."

லேப்டாப்பை மூடிவிட்டு, என் வரைபடத் தாள்களை எடுத்து வரிசையாக அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். என்ன செய்தேன், எதை எங்கே திருப்பி வைத்தேன், எப்படி விழுந்தேன் என்று வரிசையாக. எழுதும்போதே பதினோரு நாளாக இருந்த எரிச்சல் முதலாளியின் மேல் திரும்பியது. அவருடைய அம்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்? நேராக இரும்புக் கதவின் முன்னால். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு, பளபளவென்று ஒளிரும் ஓர் அம்பின் மேல் நான் பதினோரு நாள் நின்றிருப்பேன். இருட்டில் நின்றதற்குப் பதில் வெளிச்சத்தில் நின்றிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வழி தவறிய ஒன்பது இடங்களையும் எடுத்து, லாட் எண்ணோடு, எவ்வளவு நேரத்தில் மீண்டேன் என்றும் சேர்த்து எழுதினேன். ஒன்பதிலும் உதவி இல்லாமலே மீண்டிருக்கிறேன். பிறகு கடைசிப் பத்தியை எழுதினேன்: வழி தெரியாமல் இருப்பது வேறு, வழியே இல்லாமல் இருப்பது வேறு. முதலாவது இந்த விளையாட்டின் இயல்பு. அதை அம்பு போட்டுக் குணப்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவது பிழை, அதை எந்த அம்பாலும் குணப்படுத்த முடியாது. மூன்றையும் மூடிவிட்டு விழுபவனுக்கு நான்காவதாக ஒரு வழி வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டேன்.

மகள் படித்தாள். கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தது எனக்குத் தெரிந்தது. "இதுல எலும்புக்கூடு சம்பளம் பத்தி ஒரு கேள்வி இருக்கே, அது தேவையாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அந்த வரியை அடித்தேன்.

திங்கள் மாலை அவள் போன் செய்தாள். வேலை முடிந்து எல்லையைக் கடந்து, ஜோகூர் பாரு பக்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். பின்னணியில் ஆயிரம் பேர் இரைச்சல். முதலாளி அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து முழுவதும் படித்தாராம். மற்றவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் யாராவது சாவியைத் திருப்பி வைத்தீர்களா என்று கேட்டாராம். ஒருவரும் இல்லை. உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாராம். சொன்னதும், அதுதானே என்றாராம். அந்த 'அதுதானே'வுக்கு என்ன பொருள் என்று நான் விசாரிக்கவில்லை.

"அம்பு?" என்றேன்.

"இல்லப்பா. போட வேணாம்னுட்டாரு."

அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. நான் காது கேட்காததுபோல் இருந்தேன்.

"அந்த ஆணியயே தூக்கிடலாம்னாரு," என்றாள். "நான் வேணாம்னு சொல்லிட்டேன். மாட்டுறவங்க மாட்டட்டும். அடுப்புக்குப் பின்னாடி செவுத்துல ஒரு கல்லு ஆடுற மாதிரி வைக்கிறேன், அத தள்ளிட்டு வெளிய வந்துடலாம். ஒரு வாரத்துல ஆயிடும்."

"நல்லது. அப்ப அந்தக் கல்ல தள்ளிட்டு மீதி தளங்களயும் முடிச்சிர்றேன்."

"இல்லப்பா... புதுசா போடும்போது பழைய ஆட்டம் எல்லாம் அழிஞ்சிடும். முதல்லேருந்து வரணும்."

"முதல்லேருந்துன்னா? முதல் தளமா? அந்த நாலு தூண் மண்டபமும் திரும்பவா?"

"ஆமாப்பா. இந்தத் தடவ தூணு கொஞ்சம் எடம் மாறியிருக்கும்."

அறிவிப்பு இல்லாமல் தூண்களை இடம் மாற்றுவதற்கு எதிரான என் ஆட்சேபத்தைத் தெரிவிக்க வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று அவள் போனை வைத்துவிட்டாள்.