கேட்காமல் நிரப்பிய படிவம்

ரத்த வங்கியில் அவளுக்கு வைத்த பெயர் 'இன்னொருதடவை'. பூட்டின கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். பையில் ஒட்டின எண்ணை இன்னொரு தடவை வாசிப்பாள். சரியாக வந்த சோதனையைக்கூட, மனசு கேட்காவிட்டால், இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷமாக ஊரார் ரத்தத்தை எல்லாம் சந்தேகப்பட்டவள், ஒரே ஒரு நாள் சந்தேகப்படாமல் இருந்துவிட்டாள்.

அன்றைக்கு அண்ணிக்குப் பிரசவம். வயிற்றைத் திறக்க வேண்டும், ரத்தம் வேண்டும் என்றார்கள். நோயாளிக்கு ஒரு பை எடுத்தால் வீட்டார் ஒருவர் ஒரு பை கொடுப்பது அங்கே நடைமுறை. அண்ணனுக்குச் சர்க்கரை, ஊசியும் போட்டுக்கொள்கிறவன். அதனால் சித்தி மகன் ஓடி வந்தான். ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிற பையன், இருபத்து மூன்று வயது. சித்தி வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் இவள்தான்.

ரத்தம் கொடுக்க வருகிறவரைத் தனி அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, பதினான்கு கேள்வி கேட்க வேண்டும். காமாலை வந்ததா, பச்சை குத்தினாயா, யார் யாரோடு பழக்கம், இப்படி. கூட வந்த சொந்தக்காரர் காதில் விழுந்தால் எவனும் உண்மை சொல்லமாட்டான், அதற்காகத்தான் கதவு. அன்றைக்குக் கேள்வி கேட்கிறவர் விடுப்பு. இவளே படிவத்தை எடுத்தாள். சித்தியும் சித்தப்பாவும் அண்ணனும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னம்மா இவ்வளவு பெரிய பரீட்சை? பத்தாவதுலயே இவன் இவ்வளவு எழுதலயே!" என்றார் சித்தப்பா.

"தொட்டில்ல போட்டு ஆட்டுனவ நான். எனக்குத் தெரியாததா?" என்று சொல்லிக்கொண்டே பதினான்கு இடத்திலும் 'இல்லை' என்று அவளே குறித்துவிட்டாள். தம்பியைப் போய் அந்தக் கேள்வியெல்லாம் எந்த வாயால் கேட்பது? அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டான்.

அவன் ரத்தத்தைச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை.

ஏழு வாரம் கழிந்தது. ஒருநாள் காலையில் ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"அக்கா, என் கண்ணு மஞ்சளா இருக்காம். வேலை இடத்துல எல்லாரும் கிண்டல் பண்றாங்க. கொஞ்சம் பாரு."

பார்த்தாள். அவன் ரத்தத்தை எடுத்து, சின்னச் சின்னக் குழி உள்ள தட்டில் விட்டாள். நல்ல ரத்தமென்றால் குழி நிறமில்லாமல் நிற்கும், காமாலைக் கிருமி இருந்தால் மஞ்சளாகும். அவன் குழி பளீரென்று மஞ்சளாயிற்று.

"எப்படிடா?"

அவன் சட்டையைத் தூக்கித் திரும்பினான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பருந்து.

"ரத்தம் குடுக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி குத்துனேன். கூட்டாளி ரூம்ல. அஞ்சு பேருக்கும் ஒரே ஊசி."

"பாவி, அன்னிக்கே ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேக்கா. உள்ள கூப்பிட்டுக் கேட்டிருந்தா உன்கிட்ட சொல்லியிருப்பேன். அப்பா முன்னாடி எப்படிச் சொல்றது?"

கிருமி புகுந்த புதிதில் எந்தச் சோதனைக்கும் அகப்படாது. அந்தச் சில வாரத்துக்கு அந்தக் கேள்விதான் காவல். அந்தக் காவலைத்தான் அவள் கையாலேயே எடுத்துவிட்டிருந்தாள்.

அண்ணி பால் கொடுக்கிறவள் என்ற நினைப்பு வந்ததும் பதிவேட்டை எடுக்க ஓடினாள். அவசரத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. அண்ணிக்கு ஏற்றியது ஏற்கெனவே இருப்பில் இருந்த வேறு பை. தம்பியின் பை ஒன்பது நாள் கழித்து, குடல் புண்ணில் ரத்தம் கக்கி வந்த ஒரு தையல்காரருக்குப் போயிருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அப்பாடா! நம்ம வீட்டுக்கு வரல இல்ல? அப்புறம் ஏன் இப்படி மூச்சு வாங்குற? பேசாம விடு. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியுமே என்று வாய் வரை வந்தது. போனை வைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுவின கையைத் திரும்பக் கழுவினாள். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு ரத்த வங்கிப் பொறுப்பிலிருந்த டாக்டரம்மாவின் மேசைக்குப் போய், "இதுல ஒரு கேள்விகூட நான் கேக்கலம்மா" என்றாள். பை யாருக்குப் போனது என்பதையும் சொன்னாள். டாக்டரம்மா வெகுநேரம் அந்தப் பதினான்கு 'இல்லை'யையும் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. "மேலிடத்துக்கு எழுதத்தான் செய்வேன். முதல்ல அந்த மனுஷனப் போய்ப் பாருங்க" என்றார்.

தையல்காரரின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே. அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மிதியில் இருந்த அவர் கால் நின்றது.

"அதாவது, அளவே எடுக்காம தைச்சுட்டீங்க."

"ஆமாண்ணே."

"நாங்க தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைப்போம். இத எப்படிம்மா பிரிக்கிறது?"

அவர் மனைவி உள்ளேயிருந்து, "பத்து நாளா சோறு இறங்காம சோர்ந்து விழுறாரு. நான் சோம்பேறின்னு திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். "எடுங்க. அரைகுறையா விடாதீங்க."

மறுநாள் அவர் குழியும் மஞ்சளாயிற்று. இன்னொரு தடவை போட்டாள். மூன்றாம் தடவையும் போட்டாள். மஞ்சள் மஞ்சள்தான். மனைவிக்கு ஒன்றும் இல்லை, அவளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பெரியவர்களில் அநேகம் பேருக்கு உடம்பே இந்தக் கிருமியை ஆறு மாசத்துக்குள் விரட்டிவிடும், சிலருக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. தையல்காரர் எந்தப் பக்கம் என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆறு மாசம் அவள் ஒரு வாய் சோற்றையும் ருசித்து உண்ணவில்லை. மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது, படித்து மடித்து வைத்தாள். தம்பிக்கு மூன்றாம் வாரமே கண்ணில் மஞ்சள் போய்விட்டது, சித்தி சந்தோஷமாகச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். வாரம் தவறாமல் கடைக்குப் போய் நின்றாள். "வேற வேலையே இல்லியா உங்களுக்கு? வந்ததுதான் வந்தீங்க, இந்தப் பொத்தானையாவது கோத்துக் குடுங்க" என்பார் அவர். கோத்துக் கொடுப்பாள்.

ஆறாம் மாசம் அவர் ரத்தம் தட்டுக்கு வந்தது. சோதனை சரியா என்று பார்க்க, கிருமி உள்ள ரத்தம் விட்டு வைத்த பக்கத்துக் குழி மஞ்சளாயிற்று. இவர் குழி தண்ணீர் மாதிரி நின்றது. இன்னொரு தடவை போட்டாள். அப்படியே நின்றது. மூன்றாவதற்குக் குழாயை எடுத்தபோது டாக்டரம்மா கையைப் பிடித்தார்.

"போதும். முதல்ல அவருக்குப் போன் பண்ணுங்க."

போன் செய்தாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"சரியாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேண்ணே."

"ரெண்டுதானா?" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டுப் போய் அந்த மூன்றாம் தடவையையும் போட்டாள். அது முடிவதற்குள் ரத்தம் கொடுக்க அண்ணியின் தம்பி வந்து நின்றான், கூடவே அவன் அப்பா. அந்த அப்பாவை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.