பாண் வேண்டாம் என்றாள் பிலோமினா

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் நண்பன் டெரன்ஸ் வாவி நடுவில் இரண்டு மணித்தியாலம் தனியாகக் கிடந்தான். தோணியின் என்ஜின் நின்றுவிட்டது. காற்று வேறு பிடித்துவிட்டது. உதவி கேட்டு அவன் அனுப்பிய மெசேஜ் வீட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை.

காரணம்... நான்தான்!

டெரன்ஸ் டவுனில் நெடுங்காலம் ரேடியோ திருத்தியவன். இப்போது கடையை மூடிவிட்டு, ஆசைக்கு வலை போடுகிறான். வாவியில் சில இடங்களில் போனுக்கு சிக்னல் கிடையாது. அதற்காக உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு ரேடியோப் பெட்டிகளை வரவழைத்தான். சிம் வேண்டாம், டவர் வேண்டாம். ஒன்றில் எழுதினால் மற்றதில் வந்து விழும். ஒன்று தோணியில். மற்றது வீட்டில், மனைவி பிலோமினாவிடம்.

மெசேஜ் வந்தால் பெட்டி 'கீ... கீ...' என்று கத்தும். அந்தச் சத்தத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். எப்படி? பாட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஸ்வரம், எவ்வளவு நீளம், என்ன வேகம் — எல்லாம் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக ஒரே வரி.

பார்த்ததும் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. செல்போன் வந்த புதிதில் ஸ்வரம் ஸ்வரமாகப் பட்டனை அழுத்தி ரிங்டோன் செய்வோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் வேலை செய்த கந்தோரில் நான்தான் அதற்கு வாத்தியார். மேசை லாச்சிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி, அது முழுக்க நான் எழுதிய ரிங்டோன்! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனும் கையுமாக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தப் புகழில் பாதிகூட இந்தப் பத்தி எழுதி எனக்குக் கிடைக்கவில்லை.

"நான் போட்டுத் தாறன், விடு" என்றேன் டெரன்ஸிடம்.

அங்கேதான் சோம்பல் வந்தது. கொப்பியைத் தேடப் பஞ்சி. எல்லோருக்கும் தெரிந்த, சுருக்கமான பாட்டு எது? காலையும் மாலையும் ஒழுங்கைக்கு ஒழுங்கை கேட்கிறதே — பேக்கரிப் பாண் விற்று வரும் ஓட்டோவின் பாட்டு! பத்தே நிமிடத்தில் எழுதி ஏற்றினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை மேசையில் பெட்டி பாடியது. குசினியில் நின்ற பிலோமினா திரும்பியும் பார்க்காமல் தெருப் பக்கம் குரல் கொடுத்தாள்: "இண்டைக்குப் பாண் வேணாம், தம்பி! ரொட்டிக்கு மாக் குழைச்சிட்டன்!"

திரும்பவும் பாடியது.

"சொன்னா விளங்காதா இவனுக்கு?" என்று ஜன்னலையும் சாத்திவிட்டாள்.

கடைசியில், வலை எடுக்க வந்த ஏறாவூர்க்காரர் ஒருவர்தான் தோணியைக் கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார். நான் போனபோது டெரன்ஸ் தலை துவட்டிக்கொண்டிருந்தான். பிலோமினா பெட்டியை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"எட்டுத் தரம் கூப்பிட்டிரிக்கார், அண்ணன். எட்டுத் தரமும் நான் பாண் வேணாமெண்டு சொல்லியிரிக்கன்."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பழைய பெட்டியெல்லாம் கிளறி, சீ.ஆர். கொப்பியைக் கண்டுபிடித்தேன்.

நான் தேடிய பக்கம் அதில் இருந்தது. பிலோமினாவின் அப்பா வயலின்காரர். டவுனில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணம் என்றால் ஆட்டத்துக்கு அவருடைய வயலின் வேண்டும். அவர் வாசிக்கும் ஓர் ஆட்டப் பாட்டைத் தன் போனில் போட டெரன்ஸ் ஆசைப்பட்டான். அவரும் எனக்காக மெல்ல மெல்ல வாசித்தார், நான் எழுதினேன். "இந்தப் பூச்சிச் சத்தத்துக்கா என்ட வயலின்?" என்று சிரித்தார். அந்தப் போனும் இப்போது இல்லை, அவரும் இல்லை.

புதன்கிழமை அந்த வரியைப் பெட்டியில் ஏற்றி, டெரன்ஸை முற்றத்திலிருந்து மெசேஜ் அனுப்பச் சொன்னேன். குசினியிலிருந்து பிலோமினா மாக் கையோடு ஓடி வந்தாள்.

"இது... அப்பாட பாட்டுத்தானே?"

முழுவதும் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"ஒரு இடம் பிழை, அண்ணன். ரெண்டாவது அடிக்கு முதல் அப்பா ஒருக்கா நிப்பாட்டுவார். ஆடுற ஆக்களப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டுத்தான் மறுகா பிடிப்பார்."

உண்மைதான். அன்றைக்கு அவர் நிறுத்தினார். மறந்துபோய் யோசிக்கிறார் என்று நினைத்து அதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். நிறுத்தத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. அதைச் சேர்த்துத் திரும்பப் போட்டேன். பாட்டு போனது, நின்றது, பிறகு பிடித்தது. பிலோமினா அழுதுவிட்டாள். டெரன்ஸ் கூரையைப் பார்த்தான்.

இனி ஒரு மெசேஜும் தவறாது என்றுதான் நம்பினேன். நேற்று டெரன்ஸ் வந்து முறையிடுகிறான்: "மச்சான், அவ ஓடித்தான் வாறா. ஆனா பாட்டு முடியுமட்டும் மெசேஜைத் திறக்கிற பட்டனைத் தொடுறா இல்ல. நான் அங்க காத்துக்குள்ள நிக்கிறன்!"

"பொறு மச்சான்" என்றேன். "உன்ட மாமா சிரிச்சு முடியட்டும்."