வாங்காமல் விட்ட பரிசு

சங்கரன்கோவிலுக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டி இருந்தது எங்கள் கல்லூரி. கலைப் பாடங்கள் மட்டும்தான். நான் அங்கேயே படித்து அங்கேயே வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்தவன். படித்து வெளியே போனவர்களில் பெரும்பாலானோர் கிளார்க், வாத்தியார். பெரிய உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள ஒருவன்தான் இருந்தான். விடுதியில் என் அறையில் தங்கியவன், குருவிகுளம் பக்கத்து மானாவாரி விவசாயி மகன். போலீஸில் டிஎஸ்பி ஆகி, எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதிக்கே மாற்றலாகி வந்தான். எந்தக் கூட்டத்திலும் அவனைப் பற்றிப் பேசாமல் கல்லூரி முதல்வர் உட்கார மாட்டார்.

அந்த வருஷம் மழை இல்லை. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கட்டணம் ஏறியதை எதிர்த்து விவசாயிகள் ராஜபாளையம் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தடியடி நடந்தது. உத்தரவு போட்டவன் என் நண்பன். மேலநீலிதநல்லூரிலிருந்து வந்திருந்த ஒருவருக்கு வலது கை ஒடிந்தது. அவருடைய மகள் என் மாணவி. இறுதியாண்டு வகுப்பில் அவள்தான் முதலாவது.

அடுத்த மாதம் கல்லூரி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் அவன் என்று தெரிந்ததும் முதல்வரிடம் போனேன்.

“வேற யாரையாவது கூப்பிடலாம் சார். அடிபட்டவங்க பிள்ளைகளும் இங்க படிக்குது.”

“நம்ம காலேஜ்ல படிச்சு மேல வந்தவரு இவர் ஒருத்தர்தான். இவர விட்டுட்டு யாரக் கூப்பிட?” என்றார்.

விழாவன்று பரிசு பெறுகிறவர்களை மைக்கில் அழைக்கும் வேலை எனக்கு. அவள் முறை வந்தபோது, மேடைக்கு வராமல் இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். வந்தாள். அவன் சிரித்த முகத்தோடு புத்தகக் கட்டை நீட்டினான். அவள் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

“எங்க அப்பாவுக்குக் கை இன்னும் கூடல சார். ஒங்க கையால எனக்கு வேண்டாம்.”

மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்திலிருந்த மைக் அதைப் பிடித்துக்கொண்டது. பந்தல் முழுக்கக் கேட்டது. அவள் இறங்கிப் போய்த் தோழிகளோடு உட்கார்ந்தாள். அவன் புத்தகங்களை மேஜையில் வைத்தான். அதன்பிறகு பேச எழுந்தவன் இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு உட்கார்ந்தான்.

விழா முடிந்ததும் முதல்வர், “விவரம் தெரியாத பிள்ளை, மனசுல வச்சுக்காதீங்க” என்று அவனிடம் கெஞ்சினார். அவன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

“ஏலே, அந்தப் பிள்ள வீடு ஒனக்குத் தெரியும்லா? வா, போவோம்.”

“போயி என்ன சொல்லப் போற?”

“தெரியல. நீ வா.”

மேலநீலிதநல்லூருக்கு நாங்கள் போனபோது பொழுது சாயவில்லை. ஜீப்பைக் கண்டதும் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டுச் சந்துக்குள் போய்விட்டார்கள். அவன் அதைப் பார்த்தான். அவளுடைய அப்பா வேப்பமரத்தடியில் கட்டிலில் இருந்தார். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. எழுந்திருக்கப் போனவரை அவன் தடுத்தான்.

“நானும் வெவசாயம் பாக்குற சம்சாரி மகன்தான் அண்ணாச்சி,” என்றான்.

“தெரியும். ரோட்டுல சும்மாதான உக்காந்திருந்தோம். எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லியிருந்தா போயிருப்போம்லா.”

“சொன்னோம்.”

“எங்க காதுல விழல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் கேட்டார்: “பிள்ள மேல கேஸு கீஸு எதுவும் வராதுல்லா?”

“வராது. நான் பாத்துக்கிடுதேன்.”

“நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். அவள சும்மா விட்டாப் போதும்.”

திரும்பும்போது ஜீப்பில் நான் அவனைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

மறுநாள் முதல்வர் அவளை மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார், இல்லாவிட்டால் நீக்கிவிடுவேன் என்றார். அவள் மறுத்தாள். அவளை நீக்கினால் நானும் இருக்க மாட்டேன் என்றேன். பேச்சு அத்தோடு நின்றது. அவள் தேறி, பி.எட். முடித்து, வாசுதேவநல்லூரில் டீச்சர் ஆனாள். அவன் மேலும் மேலும் உயர்ந்தான். கல்லூரியிலிருந்து எத்தனையோ முறை அழைத்தும் மறுபடி வரவில்லை. வெட்கமா, கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.