செவலை ஊன்றாத கால்

கண்ணாடி வளையல் விற்கிறவனுக்கு முதல் எதிரி அவனுடைய அவசரம்தான்.

யுத்த காலத்தில் சின்னமனூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் கால்நடையாகப் போய் வளையல் விற்று வந்தேன். கயிற்றில் கோத்த வளையல் மலாரம் தோளில் தொங்கும். கூடவே ஒரு நாய். நாயோடு நடந்து பழகிய அன்பர்களுக்கு என் பாடு புரியும். போகிற ஊரை முடிவு செய்வது நாம். போய்ச் சேரும் நேரத்தை முடிவு செய்வது அது.

கோம்பையில் கிடைத்த கூட்டாளி

கோம்பையில் வளையல் விற்கப் போன ஒரு வேட்டைக்காரர் வீட்டில் செந்நிற நாய் ஒன்று கட்டிக் கிடந்தது. முகம் மட்டும் கரியைப் பூசியது மாதிரி இருக்கும். வேட்டையில் காட்டுப்பன்றி அதன் பின்னங்காலைக் கிழித்துவிட்டதாம். புண் ஆறியும் அந்தக் காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தது. கோம்பை நாயின் கோபம் ஊரறிந்தது. இது என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை; மலாரத்தை மோந்து பார்த்துவிட்டு என் காலடியில் படுத்துக்கொண்டது. எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. கேட்டேன். வேட்டைக்காரர் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துச் சொன்னார்:

“கூட்டிட்டுப் போங்க. ஆனா இது ஓடாது, நீங்கதான் நிக்கணும்.”

நின்று நின்று போனது

அவர் சொன்னது பொய்யில்லை. செவலை என்று பேர் வைத்தேன். ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்கும். ஒவ்வொரு வரப்பு முனையையும் மோந்து பார்க்கும். முதலில் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உறுமாது, முறைக்காது; உட்கார்ந்துவிடும். வேறு வழியில்லாமல் நானும் நிற்கப் பழகினேன்.

அதற்குப் பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது. முன்பெல்லாம் அடுப்படியில் இருக்கிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் நான் தெருவைத் தாண்டியிருப்பேன். ஒருநாள் ஓடைப்பட்டியில் ஒரு அம்மாள் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்:

“இது நிக்கலேன்னா ஒங்கள நாங்க எங்கன பிடிக்கிறது?”

கரி பஸ்

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய சமயம். கம்பம் போகிற பஸ் ஒன்று புகையைக் கக்கியபடி எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்தவர்கள் செவலையின் நொண்டல் நடையைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த மேட்டில் பார்த்தால் பஸ் நிற்கிறது. சிரித்தவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். செவலை அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே நடையில் மேடேறியது. ராஜநடை என்றால் அதுதான். கண்டக்டர் நெற்றி வேர்வையை வழித்துவிட்டுக் கத்தினார்:

“அண்ணாச்சி, நாயி கம்பத்துக்குத்தான போறாக? பஸ்சு பின்னாலயே வருதுன்னு சொல்லச் சொல்லுங்க!”

ஓடைப்பட்டி வளைகாப்பு

ஓடைப்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. ராகுகாலத்துக்கு முன்னால் முதல் வளையல் ஏறவேண்டும், பிந்தினால் இனி இந்த வாசலை மிதிக்கவேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டைப் பார்த்துத்தான் ஊரே என்னிடம் வாங்கியது. விடியலிலேயே கிளம்பினோம். ஆனாலும் பாதி வழியில் மண் சுட ஆரம்பித்தது. செவலை நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டது. அந்த வழியாக வந்த வண்டிக்காரர், நாயை விட்டுவிட்டு ஏறிக்கொள்ளச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் காட்டி, புளியமர நிழலாகப் பார்த்து, சுற்றுவழியில் அது நடந்த மாதிரியே நானும் நடந்தேன்.

போய்ச் சேரும்போது ராகுகாலம் தொடங்கிவிட்டது. “நொண்டி நாய்க்காக எம் மருமகளக் காக்க வச்சீகளா? மலாரத்தத் தூக்கிட்டுக் கெளம்புங்க!” என்று மாமியார் பிடித்துக்கொண்டார். மணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்குக் கை இரண்டும் வீங்கியிருந்தன. அவசரப்பட்டு ஏற்றினால் வளையல் உடையும். வளைகாப்பில் வளையல் உடைவதைவிடக் கெட்ட சகுனம் உண்டா? அவள் நிழலில் படுத்திருந்த செவலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இருக்கட்டும் அத்த, ராகுகாலம் போகட்டும். நொண்டி நாயவே வெரட்டாமக் கூட்டியாந்திருக்காக, எங் கையி நோகாமப் போட்டுவிடுவாக.”

அன்றைக்கு ஒரு வளையல்கூட உடையவில்லை என்றால், அந்தப் பெருமை என் கைக்கு இல்லை, செவலை ஊன்றாத அந்த நாலாவது காலுக்குத்தான்.